மூட்டத்துக்குள்ள குடியிருக்கிற கங்குக்கீரி: வாசகர் கேள்வி பதில்

நம்ம தொடர்கதையில உலைநாடுன்னு ஒரு தேசம் வருது, அங்க சனம் பூரா கரிமூட்டம் போட்டுத்தான், அதாவது கட்டைய அடுக்கி மண்ணால மூடி தீ வச்சு கரியாக்கித்தான் பொழைக்குது, அந்த மூட்டத்துக்குள்ள எரியிற நெருப்புலயே பொறந்து நெருப்புலயே வளர்ற ஒரு உயிரு, கீரி அளவுதான் இருக்கும், பேரு கங்குக்கீரி. அது கதைக்குள்ள வந்ததுலருந்து கேள்வியா வந்து குமியுது. அதுலயும் ராமநாதபுரம் கடக்கரைப் பக்கத்துலருந்து வர்றதுதான் ஜாஸ்தி, மூட்டத்து வாடை தெரிஞ்ச சனம் அங்கதான இருக்கு. அதனால இந்த வாரம் வேற கேள்வி எதுவும் எடுக்கல, பூரா கங்குக்கீரிதான்.

கேள்வி: நான் பள்ளிக்கூடத்துல அறிவியல் எடுக்குறேன். பிள்ளைங்க உங்க கதைய கொண்டாந்து காட்டி, இது நடக்குமா சார்னு கேக்குறாங்க. 60 டிகிரி தாண்டுனாலே முட்டை வெள்ளைக்கரு கெட்டியாயிரும், நெருப்புக்குள்ள ஒரு உயிரு எப்டிம்மா நிக்கும்? (ஒரு ஆசிரியர், ஏர்வாடி)

நிக்காது சார். சதையும் தண்ணியுமா இருக்கிற உடம்பு நெருப்புக்குள்ள நிக்கவே நிக்காது, அத பிள்ளைங்ககிட்ட தைரியமா சொல்லுங்க. இதுவரைக்கும் தெரிஞ்சதுல ரொம்ப சூட்டுல பெருகுறது ஒரு நுண்ணுயிர்தான், ஆழ்கடல்ல வெந்நீர் பீறிட்டு வர்ற எடத்துலருந்து எடுத்தது, 122 டிகிரி வரைக்கும் அது பெருகுதுன்னு ஜப்பான் ஆராய்ச்சிக்காரங்க 2008ல எழுதுனாங்க, அதுவும் தண்ணிய கொதிக்க விடாம அமுக்கிப் பிடிக்கிற அளவுக்கு அழுத்தம் இருந்தாத்தான். நம்ம கரிமூட்டத்துக்குள்ள 400லருந்து 500 டிகிரி வரைக்கும் ஓடும். 122க்கும் 450க்கும் நடுவுல கெடக்குற பள்ளத்த எந்த சதையாலயும் தாண்ட முடியாது.

அதனால நான் மொதல்ல பண்ணுன வேலை சதைய தூக்கிப் போட்டதுதான். கங்குக்கீரியோட தோலும் எலும்பும் சுட்ட மண்ணு, செங்கலும் ஓடும் எதுல ஆயிருக்கோ அது. கண்ணுக்கு மேல மூடி இருக்கறது மைக்கா, காக்காப்பொன்னுன்னு சொல்லுவோமே, பழைய இஸ்திரிப் பெட்டிய கழட்டுனா சூடாகுற கம்பிய சுத்தி தகடு தகடா இருக்கும் பாருங்க, அது. ரத்தம் என்னன்னு கேட்டா, ரேடியோ ரிப்பேர் கடையில பத்தவைக்கிற ஈயம். வெள்ளீயம் தனியா 232 டிகிரியில உருகும், காரீயம் தனியா 327ல உருகும், ரெண்டையும் சரியான அளவுல கலந்தா 183லயே உருகிரும். மூட்டத்து சூட்டுல அந்த ரத்தம் தண்ணியா ஓடும், 183க்கு கீழ போச்சுன்னா அப்டியே கட்டிதட்டிப் போயிரும்.

இங்கதான் விஷயமே இருக்கு சார். நெருப்புல வாழுற உயிருன்னு சொன்ன ஒடனே எல்லாரும் சூட்ட எப்டி தாங்கும்னுதான் கேக்குறாங்க, அதுக்கு சூடு ஒரு பிரச்சினையே இல்ல, நெருப்பு அணையுறதுதான் பிரச்சினை. மந்திரம்னு ஒரு வார்த்தைய போட்டு இதையெல்லாம் தாண்டிப் போயிருக்கலாம், ஆனா கரிமூட்டத்த தெரிஞ்ச சனத்துக்கு எழுதுறப்ப நெருப்பப் பத்தி பொய் சொல்ல எனக்கு மனசு வரல. பிள்ளைங்களுக்கு ஒரு கணக்கு குடுங்க. தாயும் குட்டியும் ஒரே நேரத்துல மூட்டத்த விட்டு வெளிய வந்தா யாரு மொதல்ல உறைவா? குட்டிதான், சின்ன உடம்புக்கு அதோட எடைய பாக்கையில தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் எறங்கிரும். கதையில எப்பவுமே தாய்தான் வெளிய வருது, குட்டி ஓட்டை வாசல்லயே நின்னுருதுன்னு நான் எழுதுனதுக்கு காரணம் அதான்.

கேள்வி: அக்கா, கங்குக்கீரி என்ன சாப்பிடும்? நான் கரின்னு சொல்றேன், என் ஃப்ரெண்டு சாம்பல்னு சொல்றான், பந்தயம் கட்டியிருக்கோம். (ஏழாம் வகுப்பு மாணவன், மண்டபம்)

ரெண்டு பேருக்குமே ஜெயிப்பு இல்ல தம்பி. சாம்பல்ல எரியிறதுக்கு ஒன்னுமே மிச்சம் இல்ல, அதத் தின்னா ஒரு உயிருக்கு எந்த தெம்பும் வராது. கரியில தெம்பு இருக்கு, ஆனா கரிதான் அது குடியிருக்கிற வீட்டோட சொவரு, அதத் தின்னா மூட்டம் உள்வாங்கி சரிஞ்சு காத்து பூந்துரும்.

அது திங்கிறது புகைய. மூட்டம் போடுறத நீ பக்கத்துல இருந்து பாத்திருந்தா தெரியும், இல்லன்னா சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கம் போறப்ப பஸ்ஸுலருந்து நல்லா பாரு. வெட்டுன சீமக்கருவ கட்டைய வட்டமா அடுக்கி, மேல வைக்கோலோ எலைதழையோ போட்டு, அதுக்கு மேல ஈர மண்ணப் பூசி, உள்ள தீ வச்சுட்டு வாய அடைச்சிருவாங்க, கீழ சுத்திவர சின்னச் சின்ன ஓட்டை மட்டும் காத்துக்கு விட்டிருப்பாங்க. மொதல்ல கெட்டியா வெள்ளப் புகை வரும், அது பெரும்பாலும் கட்டையில இருக்கிற ஈரம். அப்றம் மஞ்சளடிச்ச, கண்ணக் கரிக்கிற புகை, மரத்துல உள்ள எண்ணெயும் பிசினும் ஆவியா வெளிய வர்றது அதுலதான். கடைசியா புகை மெலிஞ்சு நீலமா மாறும், கரி தயார்னு மூட்டக்காரங்க அத வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. கங்குக்கீரிக்கு நடுவுல வர்ற மஞ்சப் புகைதான் சாப்பாடு. ஆனா புகைய மட்டும் முழுங்குனா பத்தாது, அது எரியணும்னா காத்து வேணும், அதனால அது ஓட்டைக்கு உள்பக்கமா ஒக்காந்துகிட்டு புகையையும் வெளிக்காத்தையும் சேத்து இழுக்கும், தொண்டைக்குள்ளயே எரியும், ராத்திரியில தொண்டை செவந்து தெரியும். நீலப் புகை வந்துட்டா அதுக்கு பஞ்ச காலம் ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

கேள்வி: ஐரோப்பாக்காரங்க கதையில வர்ற சாலமாண்டர்தான உங்க கங்குக்கீரி? பேர மட்டும் மாத்தியிருக்கீங்களா அக்கா? (கல்லூரி மாணவர், ராமேஸ்வரம்)

இல்ல தம்பி, ரெண்டும் நேர் எதிரு. சாலமாண்டர் நெசமாவே உள்ள பிராணி, பாக்க பல்லி கணக்கா இருந்தாலும் பல்லி இல்ல, தவளை வகையறா, கருப்பு ஒடம்புல மஞ்சத் திட்டு, எந்நேரமும் ஈரமா இருக்கிற தோலு, தொட்டா பால் கணக்கா ஒரு விஷம் கசியும். ஐரோப்பாவுல காட்டுல உளுத்துப்போன கட்டைக்குள்ள பதுங்கிக் கெடக்கும். அந்தக் கட்டைய எடுத்து அடுப்புல போட்டா, சூடு தாங்காம உசுருக்கு பயந்து வெளிய ஓடிவரும், பாத்தவன் நெருப்புலருந்து பொறந்துச்சுன்னு நெனச்சிருப்பான். நெருப்பு மேல நடந்தா நெருப்பையே அணைச்சிரும்னு சொல்றாங்கன்னு அரிஸ்டாட்டில் எழுதியிருக்காரு, அவ்வளவு குளிர்ச்சியான ஒடம்புன்னு ரோமாபுரி அறிஞர் பிளினியும் எழுதியிருக்காரு. அது நெருப்பணைக்கிற பிராணி. நம்மளது நெருப்பு அணைஞ்சா செத்துப் போற பிராணி.

சொந்தம்னு பாத்தா கங்குக்கீரிக்கு பக்கத்துல வர்றது வேற ஒன்னு. சைப்ரஸ் தீவுல செம்பு உருக்குற உலைக்குள்ள, பெரிய ஈ அளவுல, றெக்கை வச்ச ஒரு பூச்சி பறக்கும், நெருப்புக்குள்ள இருக்கிற வரைக்கும் உசுரோட இருக்கும், கொஞ்ச தூரம் வெளிய பறந்தா ஒடனே செத்துரும்னு அதே பிளினி எழுதியிருக்காரு. அரிஸ்டாட்டிலும் இந்தப் பூச்சியச் சொல்றாரு. சாலமாண்டருக்கு கெடச்ச பேரும் புகழும் இந்தப் பூச்சிக்கு கெடைக்கலங்கறதுல எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா நெருப்புல வாழுற உயிருக்கு வெளிய வர்றதுதான் சாவுங்கறத புரிஞ்சுகிட்டு யாரோ ஒரு உலைக்காரன் சொல்லிவச்ச கதை அது. (பிளினியோட முடிவும் நெருப்பு மலைகிட்டதான், கி.பி. 79ல வெசூவியஸ் வெடிச்சப்ப கரையில மாட்டிகிட்ட சனத்த காப்பாத்த கப்பல்ல போயி அங்கயே செத்துப்போனாரு.)

இன்னொன்னும் சொல்லிர்றேன். சாலமாண்டர் தோல்ல நெய்ஞ்ச துணி நெருப்புல வேகாதுன்னு நெடுங்காலம் நம்பிட்டு இருந்தாங்க, அத ஒடைச்சவரு மார்கோ போலோ. அது மிருகமே இல்ல, மலையில வெட்டி எடுக்குற ஒரு தாது, அத நாராக்கி நெய்ஞ்சு, அழுக்கானா நெருப்புல போட்டு வெள்ளையா எடுக்குறாங்கன்னு எழுதுனாரு. இன்னைக்கு நாம ஆஸ்பெஸ்டாஸ்னு சொல்றது அதத்தான், நுரையீரலுக்குப் போனா எமன். அதே மனுசன்தான் 13ஆம் நூற்றாண்டு கடைசியில நம்ம பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து, இந்த மன்னார் வளைகுடாவுல முத்துக் குளிக்கிறதப் பத்தியும் விலாவாரியா எழுதிட்டுப் போனவரு.

கேள்வி: தங்கச்சி, நான் கடத்தொழில் பாக்குறவன். ராத்திரி வலை இழுக்கையில தண்ணி நெருப்பா மின்னும், சின்னப் பிள்ளையில கொள்ளிவாய்ப் பிசாசுன்னு பயந்து கெடந்திருக்கோம். கடக்கரை சனத்துக்கு கதை எழுதிகிட்டு நெருப்பு மிருகத்த கரையிலயே வச்சுட்டீங்களே, கடலுக்குள்ள ஒன்னும் கெடையாதா? (மீனவர், தொண்டி)

அண்ணே, இந்தக் கேள்விக்காகத்தான் காத்துகிட்டு இருந்தேன்.

மொதல்ல நீங்க பாத்த வெளிச்சம். அது கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாத ஒத்தை அணு உயிரு, தண்ணி அலம்புனா மின்னும், வலை பட்டாலும் துடுப்பு பட்டாலும் மின்னும். வெளிச்சம் உண்டே தவிர சூடு துளிகூட கெடையாது, கைய விட்டு அள்ளுனாலும் சுடாது. அதே உயிரு ஒரேயடியா பெருகுனாத்தான் மண்டபம், பாம்பன் பக்கம் தண்ணி பச்சையாகி மீனு செத்து ஒதுங்கும், பூங்கோரைன்னு சொல்லுவாங்க. கொள்ளிவாய்ப் பிசாசு வேற, அது சதுப்புல அழுகுன தழையிலருந்து வர்ற வாயு பத்திகிட்டு தெரியிற வெளிச்சம்னு சொல்றாங்க. ரெண்டையுமே நெருப்புல வாழுற உயிருன்னு எடுத்துக்க முடியாது.

ஆனா நம்ம ஆளுங்க கடலுக்கு அடியில ஒரு நெருப்பு மிருகத்த எப்பவோ வச்சுட்டாங்கண்ணே. வடவை, வடவாமுகாக்கினி. குதிர மொகத்தோட கடலுக்குள்ள எரிஞ்சுகிட்டு இருக்கிற தீ. மகாபாரதத்துல ஆதி பருவத்துல வருது அந்தக் கதை. பிருகு வம்சத்துல ஔர்வன்னு ஒரு ரிஷி, அவரோட வம்சத்தையே கருவுல இருக்கிற பிள்ளை வரைக்கும் கொன்னு அழிச்சிருக்காங்க, தாயி அவர தொடையில ஒளிச்சு வச்சு பெத்தெடுத்தா, அந்தக் கோவத்துல ஒலகத்தையே எரிக்கக் கெளம்பிட்டாரு. பித்ருக்கள் வந்து கெஞ்சுறாங்க. அதுக்கு அவரு, எந்திரிச்ச கோவத்த உள்ளயே வச்சிருந்தா அது என்னைய எரிச்சிரும், எங்க கொண்டு போயி போடுறதுன்னு கேக்குறாரு. கடல்ல போடு, ஒலகமெல்லாம் தண்ணியில ஆனதுதான், அது தண்ணிய எரிச்சுகிட்டு கெடக்கட்டும்னு சொல்லிட்டாங்க. அந்தக் கோவம்தான் குதிரத் தலையா மாறி இன்னைக்கும் கடல் தண்ணிய குடிச்சுகிட்டு இருக்குன்னு கதை. இத்தன ஆறு வந்து விழுந்தும் கடல் கரை தாண்டாம இருக்கறதுக்கு காரணம் வடவை குடிக்கிறதுதான்னு பெரியவங்க சொல்லுவாங்க. எரியிறது ஒரு மனுசனோட துக்கம், அதுக்கு சாப்பாடு கடல். இதவிட பெரிய நெருப்பு மிருகத்த நான் எங்கயும் படிச்சதில்ல.

நெசத்துக்கும் வாங்க. நம்ம இந்துமகா சமுத்திரத்துக்கு அடியிலயே, மொரீசியசுக்கு கெழக்க ரொம்ப தள்ளி, 2,400 மீட்டருக்கும் கீழ தரை வெடிச்சு 300 டிகிரிக்கு மேல சூடான தண்ணி கருப்புப் புகையா பீறிட்டு வருது, மேல இருக்கிற தண்ணியோட கனத்துல அது கொதிக்கிறதில்ல. அந்த எடத்துக்கு பக்கத்துல 2001ல ஒரு நத்தைய கண்டாங்க, அதோட கால் பூரா செதிலு, செதிலு மேல இரும்பும் கந்தகமும் சேந்த கவசம். ஒடம்புல இரும்பு பூசிகிட்டு திரியிற பிராணி அண்ணே, கதை இல்ல. பீறிட்டு வர்ற அந்த சூட்டுத் தண்ணிக்குள்ளயே இருக்காது, அதுக்கு கொஞ்சம் தள்ளி சூடு தணிஞ்ச எடத்துலதான் இருக்கும். ஆழ்கடல்ல சொரங்கம் தோண்ட ஆரம்பிச்சா அழிஞ்சிரும்னு 2019ல அத அழியிற ஆபத்துல உள்ள உயிருங்க பட்டியல்ல சேத்துட்டாங்க.

அதனால உலைநாட்டு கடலுக்கு அடியிலயும் ஒன்னு வருது, நான் வடவைக்குதிரைன்னுதான் அதக் கூப்பிடப்போறேன். அதுக்கு வெறகு வேணாம், காத்து வேணாம், சூடு பூமிக்கு அடியிலருந்து வருது, மழை பேஞ்சா அதுக்கு என்ன. கங்குக்கீரி பயப்படுற ஒன்னுத்துக்கும் அது பயப்படவேண்டியதில்ல. ஆனா பொறந்த வெடிப்ப விட்டு ஒரு அடி நகர முடியாது. ரெண்டும் சந்திக்கிறப்ப என்ன பேசிக்கும்னுதான் நான் இப்ப மண்டைய ஒடைச்சுகிட்டு இருக்கேன். கச்சான் காத்து அடங்குன ராத்திரியில கடல்ல நின்னு பாக்குறவங்க நீங்க, அடியில அப்டி ஒன்னு எரிஞ்சா மேல தண்ணி எப்டி தெரியும்னு தோணுறத எழுதி அனுப்புங்கண்ணே, உங்க பேரச் சொல்லியே கதையில சேக்குறேன்.

கேள்வி: அக்கா, நெருப்பால படைக்கப்பட்ட ஜின் பத்தி நாங்க கேட்டு வளந்தவங்க. கங்குக்கீரி அதுலருந்து வந்ததா? அது குட்டி போடுமா, முட்டை இடுமா? (கல்லூரி மாணவி, கீழக்கரை)

ஜின்னுங்கறது உங்க மார்க்கத்துல நம்பிக்கை தங்கச்சி, புகையில்லாத தீக்கொழுந்துலருந்து படைக்கப்பட்டதுன்னு வேதத்துலயே வருது, நான் கற்பனையா செஞ்ச ஒரு பிராணிய அதோட சேத்துப் பேசமாட்டேன். கங்குக்கீரி வெறும் விலங்கு, அதுக்கு பசியும் பயமும்தான் தெரியும்.

முட்டைதான் இடும். ஆனா நெருப்புக்குள்ள இடாது. மூட்டம் அணையப் போகுதுன்னு தெரிஞ்ச ஒடனே தாய் மண்ண ஒடைச்சுகிட்டு வெளிய ஓடும், ரத்தம் உறையறதுக்குள்ள அதுக்கு கெடைக்கிற நேரம் ரொம்ப கொஞ்சம், அதுக்குள்ள பச்சை மரத்தோட தூர்ல ஏறி பட்டையில வயித்த அமுத்தி முட்டைய பதிக்கும், அந்த எடம் கருகி கருப்பா தழும்பு விழும். அப்றம் அந்த மரத்தடியிலயே உறைஞ்சு கல்லாயிரும். மரம் வளர வளர பட்டை வந்து முட்டைய மூடிரும், வெளியிலருந்து பாத்தா கணு விழுந்துருக்குன்னுதான் நெனப்பீங்க. அந்த மரத்த யாராவது வெட்டி மூட்டத்துல அடுக்குனாத்தான் முட்டை பொரியும், இல்லன்னா எத்தன வருசமானாலும் அப்டியே கெடக்கும்.

இத நான் ஆகாசத்துலருந்து பிடுங்கல. மெலனோஃபிலான்னு ஒரு வண்டு இருக்கு, காடு எரிஞ்சா எல்லா பிராணியும் வெளிய ஓடுறப்ப அது மட்டும் தீயப் பாத்து போகும், ரொம்ப தூரத்துலருந்தே தீயோட சூட்ட உணர்ற குழி அதோட ஒடம்புலயே இருக்கு, அப்பதான் எரிஞ்ச மரத்துல முட்டை வைக்கும், எரிஞ்ச மரத்துக்கு எதுத்து நிக்கிற தெம்பு கெடையாதுல்ல, புழு நிம்மதியா தின்னு வளரும். வட அமெரிக்காவுல ஒரு வகை பைன் மரத்துல காய் பிசின் போட்டு ஒட்டி மூடியே கெடக்கும், காட்டுத்தீ வந்து பிசின் உருகுனாத்தான் விரிஞ்சு வெத கொட்டும். தீக்காக காத்திருக்கிற உயிரு நெசமாவே ஒலகத்துல இருக்கு.

கேள்வி: உங்க கதைய நான் வாசிச்சுக் காட்டுனதுலருந்து என் மகன் அடுப்பு முன்னாடியே ஒக்காந்துருக்கான். கங்குக்கீரி இருக்கான்னு நேத்து கங்க கையால தள்ளப் போயிட்டான். அவன் ஆறு வயசுப் பையன், நான் என்ன சொல்றது? (ஒரு தாய், சாயல்குடி)

தாயி, இத மொதல்ல அவனுக்கு வாசிச்சுக் காட்டுங்க. தம்பி, கங்குக்கீரி சமையல் அடுப்புல தங்கவே தங்காது. அதுக்கு நாள்கணக்குல அணையாம எரியிற நெருப்பு வேணும், உங்க வீட்டு அடுப்பு சோறு வெந்ததும் அணைஞ்சிரும், அணையிற எடத்துல அது குடியேறாது. உலைநாட்டுல கூட யாரும் கையால தொடமாட்டாங்க, தொட்டா கை போயிரும், கங்குக்கீரிக்கும் குளிரும், அதுக்கு பிடிக்காது. தூரத்துலருந்து தொண்டை செவக்குறத பாக்குறதோட சரி.

இனி உங்களுக்கு. எப்பவாவது சுட்டுட்டா பேஸ்ட்டு, இங்க்கு, மாவு, எண்ணெய் எதையும் பூசாதீங்க, ஐஸும் வேண்டாம். ஓடுற குளுந்த தண்ணியில 20 நிமிசம் காட்டுங்க, வளையல் அரைஞாண் எதுவும் அந்த எடத்துல இருந்தா வீங்குறதுக்குள்ள கழட்டிருங்க, கொப்புளத்த ஒடைக்காதீங்க, சுத்தமான துணியால லேசா மூடிகிட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க, பெருசா இருந்தா 108க்கு அடிங்க. கதை எவ்வளவு பெருசா இருந்தாலும் அந்தப் பிள்ளை வெரலுக்கு முன்னாடி ஒன்னுமே இல்ல.

கேள்வி: எங்க அப்பாவும் அம்மாவும் மூட்டம் போடுறவங்க. கதையில மூட்டக்காரங்க ஓட்டைய அடைச்சு கங்குக்கீரிய கொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் மனசு கஷ்டமாயிருச்சு. நாங்க என்ன பாவம் பண்ணுனோம்? (பிளஸ் டூ மாணவி, கடலாடி)

பாப்பா, ஒரு பாவமும் பண்ணல, கதையிலயும் அவங்கள நான் பாவியா எழுதல, அந்த அத்தியாயத்த இன்னொரு தடவ எடுத்துப் பாரு, ஓட்டைய அடைக்கிற அந்தம்மா எந்த நேரத்துல அடைக்கிறா? நீலப் புகை வந்ததுக்கப்றம். அதுக்கு மேல காத்து போச்சுன்னா கரி பூரா சாம்பல், ஒரு குடும்பம் வெறகு வெட்டி, முள்ளு குத்தி, தூர் தோண்டி, அடுக்கி, மண்ணு கொழச்சு பூசி, ராத்திரி பகல் பாக்காம காவ கெடந்த ஒழப்பு ஒரே ராத்திரியில போயிரும். இத உனக்கு நான் சொல்லணுமா, நீ பாத்தே வளந்தவ. எங்கயாவது மண்ணு விரிசல் விட்டு உள்ள செவப்பு தெரிஞ்சா, தூக்கத்துலருந்து எந்திரிச்சு ஓடி ஈர மண்ண அப்புற கை உங்க அம்மா கை. பொகையில கண்ணும் நெஞ்சும் கெட்டுப்போனாலும் அந்த வேலைய விட முடியாத நெலம.

கங்குக்கீரிக்கு நெருப்பு தொடரணும், மூட்டக்காரங்களுக்கு நெருப்பு நிக்கணும். ரெண்டு பேருக்கும் அதே நெருப்புதான் பொழப்பு. இதுல யாரு கெட்டவங்க? ஒரு வில்லன கொண்டாந்து போட்டிருந்தா எழுத சுளுவா இருந்திருக்கும், வாசிக்கிறவங்களுக்கும் திட்ட ஒரு ஆளு கெடச்சிருக்கும், ஆனா நான் பாத்த வரைக்கும் நெருப்பும் பசியும் இருக்கிற எடத்துல அப்டி யாரும் இருக்கிறதில்ல. விக்கிற வெலைய வேற எங்கயோ ஒக்காந்து முடிவு பண்றவங்க இருக்காங்க, அவங்க கதைக்குள்ள பின்னாடி வருவாங்க.

ஒன்னு மட்டும் முன்கூட்டி சொல்றேன், உனக்காக. உலைநாட்டுல ஒரு மூட்டக்காரப் பொண்ணு வர்றா, உன் வயசுதான். கட்டைய அடுக்குறதுக்கு முன்னாடி அருவாப் பின்புறத்தால ஒவ்வொரு கணுவையும் தட்டிப் பாப்பா, முட்டை இருந்தா சத்தம் கணீர்னு கேக்கும், அந்தக் கட்டைய தனியா எடுத்து வச்சிருவா. அடுத்த மூட்டம் தயாரானப்றம் பழைய மூட்டத்துலருந்து கங்க ஒரு மண்சட்டியில அள்ளி, மேல சாம்பல மூடி, கீரியோட சேத்து தூக்கிட்டு ஓடுறா. ஒரு மூட்டம் அணையறதுக்குள்ள இன்னொன்னு பத்தியாகணும், அவளுக்கு அதுக்கப்றம் தூக்கமே கெடையாது. ஐப்பசி மழை எறங்குனா மூட்டம் எதுவுமே போட முடியாதே, அப்ப என்ன பண்ணுவான்னு நீயே யோசி. அந்த எடத்த எழுதுறதுக்கு முன்னாடி மழைக்காலத்துல உங்க வீட்டுல எப்டி சமாளிப்பீங்கன்னு உன்கிட்ட கேட்டுக்கணும்னு நெனைக்கிறேன், எழுது.

கேள்வி: எங்க ஊர் கோயில்ல பூக்குழி எறங்குறவங்களுக்கு கால் சுடாம இருக்கே, அவங்களுக்கும் கங்குக்கீரிக்கும் சம்மந்தம் உண்டா? (வாசகர், திருப்பாலைக்குடி)

பக்தியில எறங்குறவங்க மனசப் பத்தி சொல்ல எனக்கு தகுதி கெடையாதுங்க. கங்கப் பத்தி மட்டும் சொல்றேன். கரிக்கங்கு சூட்ட மெதுவாத்தான் கடத்தும், மேல சாம்பல் படிஞ்சிருந்தா இன்னும் மெதுவா, கால் படுற நேரமும் கொஞ்சம், அதான். நின்னா சுட்டுரும், அதே எடத்துல ஒரு இரும்புத் தகடு கெடந்தா நடந்தாலும் சுட்டுரும். கங்குக்கீரி அதுமேல படுத்தே தூங்கும்.

கேள்வி: நான் கங்குக்கீரி படம் வரஞ்சு அனுப்பியிருக்கேன். அதுக்கு றெக்கை வச்சிருக்கேன், நீலக் கலர் கண்ணு. நல்லா இருக்கா? (நாலாம் வகுப்பு மாணவி, தேவிபட்டினம்)

ரொம்ப நல்லா இருக்குடா கண்ணு, அந்த வாலு வளைஞ்சு ஓட்டைய அடைச்சுகிட்டு இருக்கிறத நான் எழுதவே இல்ல, நீயா யோசிச்சது, அத நான் கதைக்கு எடுத்துக்குறேன். றெக்கைய மட்டும் எடுத்துருவோமா? மூட்டத்துக்குள்ள பறக்க எடமே கெடையாது, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல ஊந்துதான் போகணும், வெளிய பறந்தா காத்து பட்டு சீக்கிரம் உறைஞ்சிரும். கண்ணு நீலம் வேண்டாம், 500 டிகிரிய கொஞ்சம் தாண்டுனாலே எந்தப் பொருளும் மங்கலா செவக்க ஆரம்பிச்சிரும், அதோட கண்ணும் அப்டித்தான், அடர் செவப்பு போடு. மழையில நனையிற மாதிரி ரெண்டாவது படம் அனுப்பியிருக்க பாரு, அதுல ஒடம்பு பூரா விரிசல் கோடு வரையணும், சூடான மண்சட்டியில பச்சத்தண்ணி ஊத்துனா விரியுமே அப்டி, தலையிலருந்து ஆரம்பிச்சு கீழ வரட்டும். கால் வெரல் நாலு போட்டிருக்க, அது சரிதான். திருத்தி அனுப்பு, ஐப்பசி மழை வர்ற அத்தியாயத்துக்கு உன் படத்தத்தான் போடச் சொல்லி ஆசிரியர்கிட்ட கேட்டிருக்கேன்.